கடைசித் தேன் யாருக்கு?

சென்ற ஆண்டு தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது, வீட்டுப் பின்புறத்தில் நான் வளர்த்த இரண்டு கெலுலுட் கூடுகளையும் ஒரே காலையில் காலி செய்தேன். ஒரு தேன்பானைகூட மிச்சம் வைக்கவில்லை. இரண்டும் சேர்த்து ஒன்றே முக்கால் கிலோ கிடைத்தது. சிறிய கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றி, சிவப்பு நாடா கட்டி, முறுக்கோடும் நெய்யுருண்டையோடும் சேர்த்துக் கொடுத்தேன். அலுவலக நண்பர்கள், சித்தப்பா வீடு, சிரம்பானில் இருக்கும் அத்தை, எதிர்வீட்டு பக்சிக் எல்லாருக்கும் ஆளுக்கொரு புட்டி. "வீட்டுத் தேனா? நீயே எடுத்ததா?" என்று எல்லாரும் வியந்து கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

பக்சிக் மட்டும் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் எடுத்திட்டியா?" என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மழை தொடங்கிவிட்டதே என்பதுபோல் வானத்தைப் பார்த்தார்.

தீபாவளி முடிந்த மூன்றாவது வாரம் ஒரு கூட்டின் வாசலில் ஒரு தேனீகூட இல்லை. மூடியைத் திறந்தேன். உள்ளே எறும்புகள்; அவற்றுக்கு நடுவே வெள்ளைப் புழுக்கள். இரண்டு ஆண்டுகளாக என் காலைகளைத் தொடங்கி வைத்த கூடு அது. அதைக் கொன்றது மழை என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. மழைக்கென்று அவை சேர்த்து வைத்திருந்த சாப்பாட்டை எடுத்தவள் நான்தான்.

அந்தத் தவறைப் பற்றியும், அதிலிருந்து நான் கற்றதைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை. மலாக்காவில் இப்போது பல வீடுகளின் பின்புறத்தில் கெலுலுட் கட்டைகளைப் பார்க்கிறோம். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கம் போனால் பெருநாள் காலத்தில் சாலையோரக் கடைகளில் கெலுலுட் தேன் புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. நம் இளைஞர்களும் ஆர்வமாக இதில் இறங்குகிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது இது உதவினால், போன அந்தக் கூட்டுக்கு நான் பட்ட கடனில் கொஞ்சமாவது தீரும்.

கொட்டாத தேனீ

கெலுலுட்டை நம் தமிழில் கொசுத்தேனீ என்பார்கள். பெயருக்கேற்ற சிறிய உருவம். இதற்குக் கொட்டும் கொடுக்கு இல்லை. ஆனால் சாது என்று நினைத்துக் கூட்டை உலுக்கினால் முடிக்குள்ளும் காதுக்குள்ளும் புகுந்து கடிக்கும். வலி பெரிதில்லை, எரிச்சல்தான் பெரிது.

நம் நாட்டில் வீடுகளில் அதிகம் வளர்க்கப்படுவது இட்டாமா என்ற வகை. அதைவிடப் பெரியது தொராசிகா. மற்றத் தேனீக்களைப் போல இவை அறுகோண அறைகளில் தேனைச் சேர்ப்பதில்லை. தம் உடலில் சுரக்கும் மெழுகையும் மரங்களிலிருந்து கொண்டுவரும் பிசினையும் குழைத்து, திராட்சைக் கொத்துபோலச் சிறு சிறு பானைகள் செய்து, சிலவற்றில் தேனையும் சிலவற்றில் மகரந்தத்தையும் நிரப்புகின்றன. கூட்டின் வாசலில் அதே கலவையால் ஒரு குழாய் நீட்டியிருக்கும். காவல்காரத் தேனீக்கள் அந்தக் குழாயின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து, வருகிறவர் யார் என்று பார்க்கும்.

வளர்க்கும் முறையும் எளிது. ராணியும் முட்டைகளும் இருக்கும் மரக்கட்டைக்கு மேலே ஒரு பலகைப் பெட்டி வைக்கிறார்கள். டாப்பிங் என்று எல்லாரும் சொல்லும் பெட்டி அதுதான். தேனீக்கள் மேலே ஏறி வந்து அதில் தேன்பானைகளைக் கட்டும். நாம் அந்தப் பெட்டியிலிருந்து மட்டுமே எடுக்கிறோம். கீழே இருக்கும் குடும்பத்தைத் தொடுவதில்லை. மார்டி எனப்படும் மலேசிய வேளாண் ஆராய்ச்சி, மேம்பாட்டுக் கழகம் இந்த வளர்ப்பைப் பரப்பியதில் முக்கியப் பங்கு வகித்தது.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். கொட்டும் தேனீக்களில் நம் ஆசியத் தேனீக்கு உணவு குறைந்தால், அது கூட்டை விட்டுவிட்டு ராணியோடு வேறு இடத்துக்குப் பறந்துவிடும். கெலுலுட்டால் அது முடியாது. முட்டையிடத் தொடங்கிய கெலுலுட் ராணியின் வயிறு பெருத்துவிடும். அதன்பின் அவளால் பறக்க முடியாது. ராணியை விட்டுவிட்டுக் குடும்பமும் போவதில்லை. பட்டினி வந்தால் இருந்த இடத்திலேயே இருந்து சாக வேண்டியதுதான். இதை முன்பே அறிந்திருந்தால் அன்று என் கை நடுங்கியிருக்கும்.

பால்மரமும் தேனும்

கூடு போன செய்தியை அம்மாவிடம் சொன்னபோது, அவர் திட்டவில்லை. "பட்டைய மிச்சம் வைக்காம வெட்டுனா மரம் பால் தருமா?" என்று மட்டும் கேட்டார்.

அம்மா ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். பதினாறு வயதில் தாத்தாவோடு பால் வெட்டப் போனவர். விடிவதற்கு முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார்களாம். கத்தி பட்டையில் ஆழம் போதாமல் போனால் பால் வராது; ஆழம் கூடிவிட்டால் மரத்தில் காயம் பட்டு, மறுபடி அந்த இடத்தில் நல்ல பட்டை வளராது. காயம் பட்ட மரத்தைக் கண்டால் கங்காணி சும்மா விடமாட்டார். "நாளைக்கும் இதே மரத்துக்கிட்டதானே வரணும்" என்பது தாத்தா சொல்லிக்கொடுத்த பாடம்.

மலாக்காவுக்கும் பால்மரத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. மலாயாவில் வணிக நோக்கில் ரப்பரை முதலில் நட்டவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் நட்டார். அந்த மரங்களைத் தொடர்ந்துதான் நம் முன்னோரின் கப்பல்கள் கூட்டங்கூட்டமாக வந்தன.

அம்மா இன்னொன்றும் சொன்னார். பிப்ரவரி, மார்ச்சில் இலையெல்லாம் உதிர்ந்து தோட்டம் மொட்டையாக நிற்கும். பால் குறையும், சம்பளமும் குறையும். லயத்தில் எல்லார் முகமும் வாடியிருக்கும். பிறகு செம்புநிறத்தில் துளிர் விடும்போது தோட்டம் முழுக்க ஓர் இரைச்சல் கேட்குமாம். "பூவே வரல, ஆனா தேனீ மட்டும் எலையச் சுத்தும். ஏன்னு எங்களுக்கு வெளங்காது."

அந்தக் கேள்விக்கு நான் விடை தேடினேன். ரப்பர் இலை மூன்று சிற்றிலைகள் சேர்ந்தது. அந்த மூன்றும் காம்பில் கூடும் இடத்தில் சிறு சுரப்பிகள் உண்டு. துளிர்க்கும் பருவத்தில் அவற்றிலிருந்து இனிப்பு நீர் கசியும். தேனீக்கள் வந்தது பூவுக்கு அல்ல, இலைக்கு. அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் கிடைத்த விடை இது. கேட்டுவிட்டு, "அட, அதுக்காகவா அத்தனை சத்தம்!" என்று சிரித்தார்.

மார்த்தாண்டத்துப் பாடம்

ரப்பர் இலையில் வரும் இந்தத் தேனை நம்பித் தமிழ்நாட்டில் ஒரு வட்டாரமே வாழ்கிறது என்பதை அப்போதுதான் அறிந்தேன். அது கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம். 1920-களில் அங்கே ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் கிராமப்புற முன்னேற்ற நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், ஏழைக் குடும்பங்களுக்குக் கூடுதல் வருமானம் தரும் தொழிலாகப் பெட்டித் தேனீ வளர்ப்பை ஊக்குவித்தார். இன்று மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு உண்டு, 2023-இல் கிடைத்தது.

அங்கே வளர்ப்பது கெலுலுட் அல்ல, கொட்டும் இந்தியத் தேனீ. ரப்பர் துளிர்க்கும் ஆண்டின் முதல் மாதங்களில்தான் அங்கே பெரிய அறுவடை. மழை பிடித்துவிட்டால் தேனீக்களுக்குப் பஞ்சகாலம். அப்போது வளர்ப்பவர்கள் சர்க்கரைப் பாகு காய்ச்சிப் பெட்டிக்குள் வைத்துக் குடும்பங்களைக் காப்பாற்றுகிறார்கள். வெயிலில் எடுத்ததை மழையில் திருப்பிக் கொடுப்பது அங்கே தொழில் ஒழுங்கு.

அவர்களும் அடிபட்டவர்கள்தான். 1990-களின் தொடக்கத்தில் புழுக்களைத் தாக்கும் ஒரு நச்சுயிரி நோய் தென்னிந்தியா முழுவதும் பரவி, இந்தியத் தேனீக் குடும்பங்களைப் பெருமளவில் அழித்தது. தப்பிப் பிழைத்த குடும்பங்களிலிருந்துதான் மீண்டும் பெருக்கினார்கள். அதைப் படித்தபோது என்னிடம் மிச்சமிருந்த ஒரே கூட்டை எட்டிப் பார்த்தேன். அதன் வாசலில் நான்கு காவல்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதுவும் மெலிந்துதான் போயிருந்தது. ஆனால் உயிரோடு இருந்தது.

மழைக்கு முந்திய அறுவடை

மலாக்காவில் பருவம் இப்படிப் போகிறது. ஆண்டின் தொடக்கத்தில் வெயில். துளிரும் பூவும் நிறைய. பிறகு மா, ரம்புத்தான், டுரியான் என்று பழமரங்கள் பூக்கும். ஆண்டின் நடுவில் மழை குறைவு. அக்டோபர், நவம்பரில் மாலைதோறும் இடியோடு கொட்டும். மழை நாளில் கெலுலுட் வெளியே வராது. வந்தாலும் பூவில் தேன் கழுவப்பட்டிருக்கும். ஆகவே செப்டம்பர் கடைசியில் எடுப்பதுதான் நல்ல அறுவடைகளில் கடைசி. தீபாவளி வருகிறதே என்று நம் கை நீளுவதும் அதே நேரத்தில்தான்.

இந்த ஆண்டு அந்த அறுவடையை பக்சிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தேன். அவர் சொன்ன முதல் வார்த்தை: "ஜாங்ஙான் அம்பில் செமுவா." எல்லாத்தையும் எடுக்காதே. அவரிடம் கற்றதையும், பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வெயில் அடிக்கும் காலையில் எடுங்கள். தேனீக்கள் பாதி வெளியே போயிருக்கும். பிறகு உடைந்ததைச் சரிசெய்ய அவற்றுக்குப் பகல் முழுதும் நேரம் கிடைக்கும்.

வாய் மூடிய பானைகளை மட்டும் எடுங்கள். திறந்திருக்கும் பானையில் தேன் இன்னும் பக்குவப்படவில்லை. மகரந்தப் பானைகளைத் தொடவே கூடாது. அது குஞ்சுகளின் உணவு.

பானையின் மேற்புறத்தில் சிறு துளை போட்டு, சிறிய உறிஞ்சு பம்பினால் இழுங்கள். பானைகளைப் பிய்த்துப் பிழிந்தால் தேனும் கலங்கும், அவற்றைத் திரும்பக் கட்டும் வேலையும் தேனீக்களுக்கு வரும். துளை போட்ட பானையை அவை மறுபடி நிரப்பும்.

பாதியில் நிறுத்துங்கள். மழைக்கு முந்திய அறுவடையில் பாதிக்குமேல் நான் இனி எடுப்பதில்லை. மெலிந்த கூடாக இருந்தால் ஒன்றுமே எடுப்பதில்லை.

சிந்திய தேனை ஈரத்துணியால் உடனே துடையுங்கள். சென்ற ஆண்டு நான் செய்த இரண்டாவது தவறு இதுதான். சிந்திய தேன் எறும்பையும் சிறு ஈக்களையும் அழைத்து வரும். அந்த ஈக்கள் உள்ளே முட்டையிட்டால், வலுவிழந்த கூடு அதோடு முடிந்தது. மூடியின் இடுக்குகளைப் பட்டையால் ஒட்டிவிடுங்கள். கூடு நிற்கும் கம்பியின் காலில் கிரீஸ் தடவினால் எறும்பு ஏறாது.

தாமானில் இருப்பவர்களுக்கு இன்னொரு கவலை உண்டு. டிங்கிக் காய்ச்சல் கண்டால் கொசுவுக்குப் புகை அடிக்க வருவார்கள். கொசுவைக் கொல்லும் மருந்து கொசுத்தேனீயையும் கொல்லும். புகை அடிப்பது நம் பிள்ளைகளின் நலனுக்காக. அதைத் தடுக்கக் கூடாது. புகை அடிக்கும் நாள் தெரிந்தால், முந்திய இரவில் தேனீக்கள் எல்லாம் கூடடைந்தபின் காற்றுப் புகும் வலையால் வாசலை மூடுங்கள். புகை அடிக்கும் நேரத்தில் கூட்டின் மேல் ஈரத்துணியைப் போர்த்தி, புகை கலைந்ததும் துணியை எடுத்துவிடுங்கள். மறுநாள் காலை வாசலைத் திறந்தால் போதும்.

பூ இல்லாமல் தேன் இல்லை. வேலியில் கொடிரோஜா படரவிடுங்கள். மலாயில் ஆயர் மாதா பெங்ஙான்தின் என்பார்கள், 'மணப்பெண்ணின் கண்ணீர்' என்று பொருள். கெலுலுட்டுக்கு அதன் மேல் தனி ஆசை. செம்பனைத் தோட்டங்களிலும் இதைச் சாலையோரமாக நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செம்பனை இலையைத் தின்னும் புழுக்களை அழிக்கும் நல்ல பூச்சிகளுக்கு இதன் தேன் உணவு. ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் தேனீக்களுக்குப் பழைய விருந்து இல்லை. ஓரத்தில் படர்ந்த இந்தக் கொடி கொஞ்சம் கைகொடுக்கிறது. வீட்டில் முருங்கை, துளசி, நட்சத்திரப்பழ மரம் இருந்தால் இன்னும் நல்லது.

கட்டை வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இது எங்கிருந்து வந்தது? காட்டில் உயிரோடு நின்ற மரத்தை வெட்டி, கூடு இருக்கும் துண்டை மட்டும் அறுத்து விற்பவர்களும் உண்டு. ஒரு கூட்டுக்காக ஒரு மரமே சாய்கிறது. வலுவான கூட்டை இரண்டாகப் பிரித்துப் பெருக்குகிறவர்களிடம் வாங்குவதே நியாயம்.

புளிக்கும் தேன்

முதன்முறை கெலுலுட் தேனைச் சுவைப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். "கெட்டுப் போச்சா?" என்று என் அத்தை தொலைபேசியில் கேட்டார். கெடவில்லை. புளிப்பும் இனிப்பும் கலந்த சுவைதான் அதன் இயல்பு. அனைத்துலக அளவில் சாதாரணத் தேனில் நீர் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. கெலுலுட் தேன் அதைவிட நீர்த்தது. அதனால்தான் மலேசியா 2017-இல் எம்.எஸ். 2683 என்று கெலுலுட் தேனுக்கே தனித் தரநிலை வெளியிட்டது. பதப்படுத்தாத தேனில் 35 விழுக்காடு வரை நீரை அது ஏற்கிறது.

நீர் அதிகம் என்பதால் எளிதில் நொதிக்கும். ஆகவே புட்டியை விளிம்புவரை நிரப்பாதீர்கள். குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். அவ்வப்போது மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் மூடி கூரையைத் தொடும்.

2020-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மலேசியா, ஆஸ்திரேலியா, பிரேசில் நாடுகளைச் சேர்ந்த ஐந்து வகைக் கொடுக்கில்லாத் தேனீக்களின் தேனைச் சோதித்தார்கள். நம் இட்டாமாவும் தொராசிகாவும் அதில் அடக்கம். 100 கிராம் தேனில் 13 முதல் 44 கிராம் வரை டிரேஹலுலோஸ் என்ற அரிய சர்க்கரை இருந்தது. அது இரத்தத்தில் மெதுவாகக் கலக்கும் சர்க்கரை. இதைக் கேட்டுவிட்டு, "அப்படின்னா இனிப்புநீர் உள்ளவங்க நிறையச் சாப்பிடலாம்" என்று கிளம்பிவிடாதீர்கள். அதில் மற்றச் சர்க்கரைகளும் உண்டு. மருத்துவரைக் கேட்காமல் மருந்தைக் குறைக்கவே கூடாது.

நீரில் போட்டால் கரையக் கூடாது, எறும்பு மொய்க்கக் கூடாது என்றெல்லாம் சொல்லும் வீட்டுச் சோதனைகளையும் நம்ப வேண்டாம். நீர்த்த கெலுலுட் தேன் தண்ணீரில் உடனே கரையும். என் கூட்டில் எறும்பு மொய்த்தது கலப்படமில்லாத தேனைத்தான்.

இன்னொன்று, நம் வழக்கம் பற்றியது. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைப்பது பல குடும்பங்களில் இன்றும் உண்டு. எவ்வளவு சுத்தமான தேனாக இருந்தாலும் ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரி, பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்புகளைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். பாட்டிமார்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. முதல் பிறந்த நாளுக்குக் கொடுத்துக் கொள்ளலாம்.

இந்த ஆண்டு

மிச்சமிருந்த கூட்டுக்கு நான் ஜூன்வரை கை வைக்கவில்லை. வேலியில் கொடிரோஜா பூத்தது. ஜூலையில் டாப்பிங் நிறைந்தது. செப்டம்பர் கடைசி ஞாயிறு, பக்சிக் மூடியைப் பிடித்துக்கொள்ள, அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க, பானை பானையாக உறிஞ்சினேன். வாயில் எச்சில் ஊறியது. இன்னும் பத்துப் பானை எடுத்தால் என்ன என்று தோன்றியது. அம்மா என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருவேளை தாத்தாவும் அம்மாவின் கத்தியை இப்படித்தான் பார்த்திருப்பார்.

நானூறு கிராம் வந்ததும் நிறுத்தினேன். மூடியை ஒட்டினேன், துடைத்தேன், கம்பியில் கிரீஸ் தடவினேன்.

இந்தத் தீபாவளிக்கு யாருக்கும் பெரிய புட்டி இல்லை. மருந்துப் புட்டி அளவில் ஆளுக்குக் கொஞ்சம். சிரம்பான் அத்தை, "என்னடி, இந்த வருஷம் கஞ்சத்தனம்?" என்று கேட்டார். "மிச்சத்த வேற வீட்டுக்குக் கொடுத்திட்டேன் அத்தை" என்றேன்.

இதை எழுதும்போது வெளியே நான்கு நாளாக மழை. விட்டு விட்டுப் பெய்கிறது. குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். வாசல் குழாயில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.